மூன்றாம் பாகம் கண்ணாடிக்குள் இருந்தது

தலைவர், நீங்கள் மேடையில் பொய் சொன்னீர்கள்.

ஊர் முழுக்கக் கதிரைகளில் இருந்தது. புது வாசிகசாலைக்கு நாடா வெட்ட வந்த பெரிய மனிதர் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட வாசிகசாலையில இருக்கிற பழைய பெரிய நாவல் எல்லாத்தையும் வாசிச்சு முடிச்ச பெருமை இந்த அம்மாவைத்தான் சேரும்" என்று சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இப்போது அவர் செத்த பிறகு அதே பொய்யைக் கல்லில் வெட்டி, அவருடைய படத்துக்குக் கீழே பதிக்கப் போகிறீர்கள். படத் திறப்பு மலருக்கு என்று என்னிடமும் எழுத்துக் கேட்டீர்கள். "நீர்தானே ஓட்டோவில அவவை ஏத்தி இறக்கினனீர். நாலு வரி எழுதித் தாரும்."

இதுதான் அந்த நாலு வரி. கொஞ்சம் நீளும்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கல்லில் வெட்டுகிறீர்கள், அது போதும். விசுவமடுவில் எங்கள் குடியேற்றத்துக்குள் வந்து மனேச்சர் அக்கா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வெடுத்தவர். மலரில் யாராவது அவரை இனிமையான பெண்மணி என்று எழுதினால், அந்த ஆள் ஒருநாளும் அவரிடம் சாமான் வாங்கியதில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்கு ஒரு குணம். தொடங்கியதை முடிக்காமல் விடமாட்டார். மற்றவர்களையும் விட விடமாட்டார். கடை வாசலில் இரண்டு பெண்கள் சண்டை பிடித்து, ஒருத்தி பாதியில் கோபித்துக்கொண்டு நடந்தால், அக்கா தராசை விட்டுவிட்டு வெளியே வருவார்.

"இஞ்ச வாரும் பிள்ளை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிட்டுப் போம். வீட்டை கொண்டுபோய் ஊறப்போடாதையும்."

சண்டை முடியும் வரைக்கும் ஒருவருக்கும் மாவும் இல்லை, சீனியும் இல்லை. வரிசையில் நின்ற சனமே தலையிட்டு இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிடும்.

எங்கள் பக்கம் வீட்டுத்திட்ட வீடுகள் பாதிக்கு மேல் பூசாமல் நிற்கும். கல் தெரியும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சனத்தைக் குறை சொல்லவில்லை. போர் நேரம் அடுப்பில் உலையை விட்டு ஓடினோம், வெட்டாத வயலை விட்டு ஓடினோம். முடிக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு விட்டுப்போய்விட்டது. அக்காவின் வீடு மட்டும் உள்ளே, வெளியே, கிணற்றுக்கட்டின் பின்பக்கம் வரைக்கும் பூசி, வெள்ளை அடித்திருந்தது. "கிணத்துக்குப் பின்னால ஆர் பாக்கப்போயினம் அக்கா?" என்று கேட்டேன். "நான் பாப்பன்" என்றார்.

என் ஓட்டோவில் பாட்டுப் போனால், வீடு வந்தாலும் இறங்கமாட்டார். பாட்டு முடிய வேண்டும். பிடித்த பாட்டு என்றில்லை. "உவன் என்ன, பல்லுக் கொதி வந்தவன் மாதிரிக் கத்திறான்" என்று ஏசிக்கொண்டே கடைசி வரைக்கும் இருப்பார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். ஏச்சு எனக்கு விழும்.

இப்படிப்பட்ட மனிசியிடம் சவாலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நீங்கள்தான், தலைவர். பழைய தகரக் கொட்டகையில் பரிசளிப்பு விழா நடந்தது ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில் இருந்து யாரோ ஒரு புண்ணியவான் பெட்டி பெட்டியாக அனுப்பிய நாவல்கள். நம்முடையவை, இந்தியாவில் வந்தவை, ருஷ்யா, பிரான்ஸ் என்று தூரத்து நாடுகளில் இருந்து தமிழுக்கு மாறினவை. செங்கல் தடிப்பில் ஓர் அலுமாரி நிறைய. நீங்கள் பேச்சில் சொன்னீர்கள்:

"உலகத்துப் பெரிய நாவல் எல்லாம் இஞ்ச கிடக்கு. எங்கட சனத்தில ஒருத்தரும் தொடேல்லை. கறையான்தான் வாசிக்குது."

சனம் சிரித்தது. பின்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து அக்கா எழும்பினார்.

"கறையானை நிப்பாட்டச் சொல்லுங்கோ தலைவர். நான் வாசிக்கிறன்."

"எதை அக்கா?"

"எல்லாத்தையும்."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "முடிச்சுக் காட்டுங்கோ, இதே மாதிரி மேடையில கூப்பிட்டு மாலை போடுறன்" என்றீர்கள்.

"மாலை எனக்கு வேண்டாம். அலுமாரித் திறப்பைத் தந்தாக் காணும்."

அன்றைக்கு அலுமாரிச் சாவியைக் கொடுத்தீர்கள். அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

மேல்தட்டின் இடப்பக்க மூலையில் தொடங்கினார். எது நல்லது, எது சின்னது என்று பார்க்கவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, வாய் அசைய அசைய வாசிப்பார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்ததால் கிளிநொச்சிக்குக் கிளினிக்குப் போவார். ஏற்றிப் போவது நான். தர்மபுரம் தாண்டுவதற்குள் கதை தொடங்கிவிடும். நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒரு புத்தகமும் திறந்தவன் இல்லை. முதலில் மரியாதைக்குக் கேட்டேன். பிறகு நானே, "பிறகு என்ன நடந்தது அக்கா?" என்று கேட்கத் தொடங்கினேன்.

ஒருநாள் சந்தைக்குப் போகிற ஒரு பெண்ணையும் ஏற்றினோம். அக்கா ஏதோ ஒரு நாட்டுப் பிரபுவின் மனைவி சீதனக் காணியை விற்றுவிட்டுக் காதலனோடு போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் வாய் பிளந்து கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"உது ஆர் அக்கா? பூநகரிப் பக்கமோ?"

அக்கா முகம் மாறாமல் சொன்னார், "இல்லைப் பிள்ளை, இன்னும் கொஞ்சம் அங்கால."

ஒரு நாவல் அவரை வாட்டி எடுத்தது. ஒரு குடும்பத்தின் பாட்டன், பூட்டன், அவர்களின் மச்சான், மச்சானின் குதிரை என்று பக்கம் பக்கமாகப் போனது. ஏற்றும்போது ஏச்சு, இறக்கும்போது ஏச்சு. "இந்த மனிசனுக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லையோ, இருந்து உதையே எழுதிக்கொண்டிருக்கிறார்!" நான் சொன்னேன், "விட்டிட்டு அடுத்ததை எடுங்கோவன். ஆர் பாக்கினம்?"

என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது. "பாதியில விட்டால் அந்தாள் வெண்ட மாதிரி. நான் அந்தாளுக்குத் தோக்கமாட்டன்."

முடித்தார். முடித்த அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

அக்காவின் கண்ணில் முதலில் வந்தது ஒரு கறுப்பு நூல். "தம்பி, கண்ணுக்குள்ள நூல் மாதிரி ஒண்டு ஓடுது. புத்தகத்தில ஒட்டியிருக்குதெண்டு நினைச்சுத் தட்டிப் பாத்தன்" என்றார். சீனி வருத்தத்தால் கண்ணின் பின்பக்கம் இரத்தம் கசிகிறது என்று டொக்டர் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். லேசர் பிடித்தார்கள். ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியாது, மற்றதைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வாசிச்சால் கண் கெதியாப் போகுமோ டொக்டர்?"

"வாசிக்கிறதால போகாது அம்மா. சீனியைக் கட்டுப்படுத்தாட்டித்தான் போகும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறியலில் இருந்து விடுதலையான ஆள் மாதிரி இருந்தது. அன்று தொடக்கம் வெறும் தேநீருக்குச் சீனி போடுவதை விட்டார். சங்கக்கடையில் ஆயுள் முழுக்கச் சீனி நிறுத்துக் கொடுத்த மனிசி. வவுனியாவில் இருக்கும் மகள் எவ்வளவு காலமாகக் கெஞ்சியும் விடாததை, அந்த அலுமாரிக்காக விட்டார்.

அந்த நேரம் அலுமாரியில் மிச்சம் ஒரே ஒரு நாவல். கீழ்த்தட்டில் மூன்று பாகம், பச்சை மட்டை.

அதன் கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் செய்தது என்ன என்று விளங்காது. ஓர் ஆறு. ஆற்றை மறித்துத் தண்ணீரில் ஓடும் மா அரைக்கும் ஆலை ஒன்று. முதலாளி மழைக்காலத்தில் தன் ஆலையைக் காப்பாற்றத் தண்ணீர்க் கதவுகளைத் திறந்துவிட்டார் என்றும், கீழே இருந்த கிராமம் சனத்தோடு அள்ளுப்பட்டுப் போனது என்றும் வழக்கு. கதவு தானாக உடைந்தது என்கிறார் முதலாளி. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த எங்களுக்கு அந்தக் கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலாளியின் மகள் அன்று விடியப்புறம் சன்னலில் நின்றவள். அவள் ஒருத்திதான் கண்டவள். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவளைக் கோட்டில் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார்கள். தகப்பன் முன்னால் இருக்கிறார். செத்த சனத்தின் உறவுகள் பின்னால் இருக்கிறார்கள். நீதவான் கேட்கிறார், "சொல்லு மகளே, நீ என்ன பார்த்தாய்?"

பாகம் முடிந்தது.

"சொல்லுவாளோ அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? உம்மளப்போலதான் நானும். ஓட்டோவைத் திருப்பும், வாசிகசாலைக்கு விடும். மூண்டாம் பாகத்தை எடுப்பம்."

போனோம். தகரக் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. புத்தகமெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. புதுக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. வாசலில் சிவப்பு நாடா.

தலைவர், நீங்கள் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்காகக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக வெயிலில் அலைந்தது நீங்கள். பெரிய மனிதர் வந்து நாடா வெட்ட முதல் யாரும் உள்ளே கால் வைத்தால் அவர் கோபித்துக்கொள்வார், மதில் கட்டத் தருவதாகச் சொன்ன காசு வராமல் போகும் என்று பயந்தீர்கள். பயம் எனக்கு விளங்கும். அதன் பிறகு செய்ததுதான் விளங்கவில்லை.

முதல்தரம் உங்கள் வீட்டுக்கு வந்தோம். "அடுத்த கிழமை திறப்பு விழா அக்கா. கொஞ்சம் பொறுங்கோ" என்றீர்கள். அடுத்த கிழமை பெரியவருக்கு வேறு விழா. பிறகு மழை. இரணைமடு வான் பாய்ந்து றோட்டால் தண்ணீர் போனது. பிறகு தேர்தல் வந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு உங்கள் வாசல் படலையில் நின்றார். ஒவ்வொரு முறையும் கண்ணில் ஓடிய நூல்கள் கூடிக்கொண்டே போயின. "இப்ப நூல் இல்லைத் தம்பி. சேலைத் தலைப்பு மாதிரி விழுகுது" என்றார்.

கடைசித் தரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

"தலைவர், நான் உள்ளுக்க கால் வைக்கேல்லை. நீங்களே போய் எடுத்துத் தாங்கோ. பச்சை மட்டை, கீழ்த்தட்டு."

"ஒருத்தருக்குக் குடுத்தால் எல்லாருக்கும் குடுக்கவேணும் அக்கா."

"வேற ஆர் கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

"கமிட்டி முடிவு அக்கா. அலுமாரியெல்லாம் அடுக்கி, கண்ணாடி துடைச்சு வைச்சிருக்கு. போட்டோ எடுக்கேக்க இடைவெளி தெரியும்."

"இடைவெளிக்கு ஒரு செங்கல்லை வையுங்கோ. போட்டோவில ஆருக்கு விளங்கும்?"

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. விறாந்தை மேசையில் உங்கள் கைக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டீர்கள். அக்கா அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

"எனக்குக் கண் போகுது தலைவர்." அவ்வளவுதான் சொன்னார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"அடுத்த கிழமை கட்டாயம் அக்கா" என்றீர்கள்.

திரும்பும் வழியில் புதுக் கட்டடத்தில் நிறுத்தச் சொன்னார். சன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகை பிடித்தது. சேலையால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"தம்பி, இருக்குதோ?"

"ஓம் அக்கா. கீழ்த்தட்டில. மூண்டாம் பாகம் அப்பிடியே இருக்கு."

"எனக்கு அலுமாரி தெரியுது. புத்தகம் தெரியேல்லை."

நான் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். ஒரு கண்ணாடி, ஒரு நிமிட வேலை. பார்வை போய்க்கொண்டிருந்த மனிசிக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

"வையும் கீழ. களவெடுத்த புத்தகத்தை நான் வாசிக்கிறேல்லை."

கல்லைக் கீழே போட்டேன். என் ஓட்டோவின் சக்கரத்தில் காலால் உதைத்தேன். வேறு என்ன செய்ய?

திறப்பு விழா வந்தபோது மற்றக் கண்ணும் போய்விட்டது. அவரை மேடைக்கு ஏற்ற நீங்கள் கார் அனுப்பினீர்கள். வரமாட்டேன் என்றார். "சொன்ன சொல்லுக்கு மாலை போட வேணுமெல்லே, வாங்கோ" என்று ஆள் விட்டீர்கள். அந்தச் சொல்லுக்குத்தான் வந்தார். நீங்களும் தொடங்கியதை முடிக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

மாலை போட்டீர்கள். "எல்லாத்தையும் வாசிச்சு முடிச்ச" என்றீர்கள். அக்காவின் கை காற்றில் தடவியது. ஒலிவாங்கியைத் தேடுகிறார் என்று கீழே இருந்த எனக்கே விளங்கியது. பிடித்தும் விட்டார்.

"நான் முடிக்கேல்லை. மூண்டாம் பாகம்..."

அவ்வளவுதான் கேட்டது. நீங்கள் சிரித்தபடி ஒலிவாங்கியை வாங்கி, "அம்மா உணர்ச்சிவசப்பட்டிட்டா" என்று சொல்லி, நாதஸ்வரக்காரருக்குக் கையைக் காட்டினீர்கள். அவர்கள் ஊதினார்கள். ஒருவரையும் பாதியில் போகவிடாத மனிசியைப் பாதியில் நிறுத்தினீர்கள். மாலையோடு மேடையில் நின்றார். பூக்கள் மூக்கில் முட்டின. அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அன்று பின்னேரமே நான் போய் மூன்றாம் பாகத்தை இரவல் எடுத்தேன். புதுக் கட்டடத்தில் முதல் புத்தகம் எடுத்தவன் நான். அக்காவின் குசினிக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, நான் வாசிக்கிறன், நீங்கள் கேளுங்கோ" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன் அக்கா? கதை தெரிஞ்சாக் காணுமெல்லே?"

"நான் சனத்துக்கு முன்னால வாசிக்கிறன் எண்டு சொன்னனான். கேக்கிறன் எண்டு சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது என்று கத்தினேன். அவரும் கத்தினார். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். நான் எழும்பி நடந்தேன். "இஞ்ச வாரும்" என்று கூப்பிட்டார். "சொல்ல வந்ததை முடிச்சிட்டுப் போம்."

வந்து இருந்தேன். அக்கா மேசையைத் தடவிப் புத்தகத்தைப் பிடித்து, மட்டையில் கையை வைத்தார்.

"ஒண்டு மட்டும் பாத்துச் சொல்லும். அந்தப் பெட்டை வாயைத் திறந்தவளோ?"

முதல் பக்கங்களைப் புரட்டினேன். எனக்கு வாசிப்பு ஓடாது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போனேன்.

"ஓம் அக்கா. சொன்னவள். எல்லாருக்கும் முன்னால, தகப்பனைப் பாத்துக்கொண்டு சொன்னவள். அவள் என்ன சொன்னவள் எண்டால்..."

"பொறும்." என் கையை அமத்தினார். "அது காணும். மிச்சத்தைச் சொல்லாதையும்."

அடுத்த மாதம் மகள் வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் ஓட்டோவில்தான் பஸ்சுக்கு விட்டேன். பாட்டு ஒன்று போனது. பஸ் வந்துவிட்டது. பாட்டு முடிய முதல் இறங்கினார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை. வவுனியாவில் செத்தார் என்று சேதி வந்தது.

அந்தப் பாகத்தை நான் இப்போது வாசித்து முடித்துவிட்டேன். நிறைய நாள் எடுத்தது. அந்தப் பெண் கோட்டில் என்ன சொன்னாள் என்று தெரியும். இங்கே எழுதமாட்டேன். அக்கா கேட்காததை ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தலைவர், இதை மலரில் போடுங்கள். போடாவிட்டால், படத் திறப்பு அன்று முன்வரிசையில் இருந்து நானே எழும்பி வாசிப்பேன். இப்போது எனக்கு வாசிப்பு ஓடும். நாதஸ்வரக்காரரோடு நான் முதலே கதைத்துவிட்டேன். நீங்கள் கை காட்டினாலும் அன்று ஊதமாட்டார்கள்.

கல்லைத் துணியால் மூடி வைத்திருப்பீர்கள். அதை இழுக்க முதல் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கோ. அவா முடிச்சவவோ, இல்லையோ? இல்லையெண்டால், திறப்புக்கொத்து ஆருடைய பொக்கற்றுக்குள்ள இருந்தது?

சொல்லி முடிச்சிட்டுத் துணியை இழுங்கோ.